பழைய டோப்போ ஷீட்டுகளுக்கு ஓர் ஆய்வுப் பதிப்பு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஏரிகளும் வரத்துக் கால்வாய்களும் ஆக்கிரமிக்கப்படுவதைப் பற்றிய செய்திகள் வரும்போதெல்லாம், "இதோ வெள்ளைக்காரன் காலத்து மேப்" என்று ஒரு படம் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. விளிம்பு வெட்டப்பட்டு, ஆண்டும் தாள் எண்ணும் இல்லாமல், பலர் கைமாறி எழுத்தெல்லாம் கலங்கிப்போன அந்தப் படத்தை நம்பி மனு எழுதுகிறார்கள், மறியல் செய்கிறார்கள், சில வேளைகளில் வழக்கும் தொடுக்கிறார்கள். அவர்களுடைய நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. கையில் இருக்கும் கருவிதான் சரியில்லை. நில அளவைப் பணியில் சங்கிலியும், கோணம் அளக்கும் தியோடலைட்டும் பிடித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒரு கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன். பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் நிலத்தோற்ற வரைபடங்கள், அதாவது அலுவலகப் பேச்சில் டோப்போ ஷீட் என்று நாம் சொல்பவை, முழு அளவில், உரிய முன்னுரையோடும் குறிப்புகளோடும், ஆய்வுப் பதிப்பாகத் தமிழில் வெளிவர வேண்டும்.

படம் கிடைத்தால் போதாதா, குறிப்பு எதற்கு என்று கேட்கலாம். ஒரு டோப்போ ஷீட்டின் பாதிச் செய்தி அதன் விளிம்பில்தான் இருக்கிறது. எந்த ஆண்டுகளில் அளந்தார்கள், எந்த ஆண்டில் அச்சிட்டார்கள், தாளின் எந்த மூலை புதிதாக அளக்கப்பட்டது, எந்த மூலை பழைய அளவையிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டது, காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து எவ்வளவு விலகி நிற்கும், எந்தத் தாலுகா எல்லை எங்கே ஓடுகிறது என்பவையெல்லாம் அங்கேதான் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். நகலெடுப்பவர்கள் முதலில் வெட்டி எறிவது அந்த விளிம்பைத்தான். துணியில் ஒட்டிய தாள் என்றால் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. மடித்து எடுத்துச் செல்ல வசதியாகத் தாளைப் பல துண்டுகளாக அறுத்து, துண்டுக்குத் துண்டு சிறு இடைவெளி விட்டு, பின்புறம் துணி ஒட்டி வைப்பது அந்தக் கால வழக்கம். அதை அப்படியே விரித்துப் படம் எடுத்து, வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் வரை கணினியில் அளந்தால், இடையில் உள்ள ஒவ்வொரு துணி இடைவெளியும் நிலமாகக் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஆண்டு பற்றிய சிக்கலைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான தவறுகள் அங்கிருந்தே பிறக்கின்றன. கம்பெனிப் படை அதிகாரி வில்லியம் லாம்ப்டன் 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஆதாரக் கோட்டை அளக்கத் தொடங்கியதிலிருந்து தென்னிந்தியாவின் முக்கோண அளவை, அதாவது ஒரு கோட்டை அளந்துவிட்டு மற்றத் தூரங்களைக் கோணங்களால் கணக்கிடும் முறை, புறப்படுகிறது. அவருடைய தொடக்ககால நிலையங்களில் செங்கல்பட்டுப் பக்கத்துக் கருங்குழியும், நம் வட ஆற்காட்டு மலைகளுள் ஒன்றான கர்நாட்டிகரும் உண்டு. அந்த முக்கோணங்களுக்குள் நிரப்பப்பட்ட விவரங்களைக் கொண்டு, அங்குலத்துக்கு நான்கு மைல் என்ற அளவில், இந்திய அட்லஸ் என்ற வரிசை தயாரானது. அதன் முதல் தாள்கள் 1827-இல் வெளிவந்தன. லண்டனில் ஜான் வாக்கர் செப்புத் தகட்டில் செதுக்கினார். செப்புத் தகட்டுக்கு ஒரு குணம் உண்டு: தேவைப்பட்ட இடத்தை மட்டும் தட்டிச் சமன் செய்து, புதிய கோட்டைச் செதுக்கிக்கொள்ளலாம். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. இப்படிப்பட்ட ஒரு தகட்டில் பின்னாளில் இரயில் பாதை மட்டும் சேர்க்கப்பட்டு மறுபடி அச்சானால், அந்தப் பாதையைப் பார்த்தவர் தாள் முழுவதும் 1856-க்குப் பின் அளக்கப்பட்டது என்று முடிவு கட்டிவிடுவார். அந்தத் தாளில் உள்ள ஏரியும் ஊரும் அதற்கு ஒரு தலைமுறைக்கு முன் அளக்கப்பட்டவையாக இருக்கலாம். ஒரே தாளின் வெவ்வேறு அச்சுகளை அருகருகே வைத்து, எந்தக் கோடு எந்த அச்சில் புகுந்தது என்று காட்டாமல் இதைத் தெளிய வைக்க வழியில்லை. அருகருகே வைப்பதற்கான தாள்கள் எழும்பூர் ஆவணக்காப்பகம், புது டெல்லி தேசிய ஆவணக்காப்பகம், லண்டன் பிரிட்டிஷ் நூலகம் ஆகியவற்றில் தேடப்பட வேண்டியவை. ஒரு தனி மனிதரின் ஆர்வத்தால் முடிகிற காரியம் இது இல்லை.

தமிழர்களாகிய நமக்கு இந்த முறை புதியதன்று. உ.வே.சாமிநாதையர் ஒரு நூலைப் பதிப்பிக்கும்போது எந்தெந்தச் சுவடி எங்கெங்கே கிடைத்தது என்று முன்னுரையில் பட்டியலிட்டு, ஒன்றுக்கொன்று வேறுபடும் பாடங்களை அடிக்குறிப்பில் காட்டி, தாம் ஏற்ற பாடம் எது என்பதை வாசகர் சோதித்துப் பார்க்க இடம் வைத்தார். அச்சான வரைபடத்துக்கும் பாடபேதம் உண்டு. நம் ஊர்ப் படங்களுக்கு அந்த மரியாதையைச் செய்ய ஆளில்லாமல், அவை சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் அலங்காரப் பொருளாக விற்கப்படுவதுதான் எனக்கு வருத்தம்.

பழைய தாளைக் கைப்பேசியின் இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்திப் பார்க்கும் பழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. நல்ல பழக்கம்தான், ஆனால் பொருத்துவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை சில உள்ளன. பழைய தாள்களின் தீர்க்கரேகைகள் நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த சென்னை வானாய்வகத்தை ஆதாரமாகக் கொண்டவை. கிரீன்விச்சிலிருந்து அந்த வானாய்வகம் எத்தனை பாகை கிழக்கே இருக்கிறது என்ற மதிப்பு, தந்தி வழியாக நேரத்தை ஒப்பிடும் வசதி வந்த பிறகு திருத்தப்பட்டது. திருத்தம் கோண அளவில் சில நிமிடங்கள்தான். நம் வேலூர் இருக்கும் அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் என்பதை நினைவில் வைத்தால், திருத்தத்தை அறியாமல் பொருத்திய தாளில் காவேரிப்பாக்கம் ஏரி எவ்வளவு தூரம் நகர்ந்து உட்காரும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அந்த அளவு பிழையை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது ஓர் ஆறுதல். கண்ணுக்குத் தப்பும் பிழை இன்னொன்று இருக்கிறது. இந்திய நில அளவைத் துறை நெடுங்காலம் பூமியின் வடிவத்துக்கு, அத்துறையின் தலைவராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் கணித்த கோளவுருவைப் பயன்படுத்தியது. இன்றைய செயற்கைக்கோள் வழிகாட்டி வேறொன்றைப் பயன்படுத்துகிறது. மாற்றுக் கணக்குச் செய்யாமல் ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால், நம் பகுதியில் எல்லாம் நூறு மீட்டருக்கும் மேல் ஒரே பக்கமாக விலகி நிற்கும். ஏரிக்கரை நூறு மீட்டர் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஊர்ப் பஞ்சாயத்துகளில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரையோரம் பட்டா நிலத்தில் முறையாக வீடு கட்டியவர் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுவார். ஏரிக்குள் மண் கொட்டியவர் தப்பித்துக்கொள்வார்.

1905-க்குப் பிறகு வந்த ஓரங்குலத் தாள்கள், அதாவது அங்குலத்துக்கு ஒரு மைல் அளவில் பல வண்ணத்தில் அச்சானவை, நமக்கு மிகவும் பயன்படக் கூடியவை. மலையின் சரிவைச் சிறு கீற்றுகளால் நிழல்போலக் காட்டிய பழைய முறை போய், சம உயரக் கோடுகள் வந்தது இந்த வரிசையில்தான். இன்றும் நாம் பயன்படுத்தும் எண் முறையும் இதனோடு வந்தது. நான்கு பாகைக்கு நான்கு பாகை கொண்ட 57-ஆம் தாளுக்குள் பதினாறு எழுத்துகள், ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் பதினாறு தாள்கள். வேலூரும் காட்பாடியும் 57 பி/1 (பி என்பது ஆங்கில P). ஆற்காடு, இராணிப்பேட்டை, காவேரிப்பாக்கம் 57 பி/5. குடியாத்தம் 57 எல்/13. ஆம்பூர் 57 எல்/9. வாணியம்பாடி 57 எல்/10. ஒவ்வொரு தாளும் பக்கத்துக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நிலத்தைக் காட்டுகிறது.

இந்தத் தாள்களில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு சிறு எண்ணும், அதன் பக்கத்தில் ஆங்கில 'ஆர்' என்ற சின்ன எழுத்தும் இருக்கும். சுற்றியுள்ள தரையிலிருந்து கரை எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதற்கான குறி அது. ஓரங்குலத் தாளில் அது அடிக்கணக்கு. பிறகு மெட்ரிக் முறைக்கு மாறி 1:50,000 அளவில் வெளிவந்த தாள்களில் அது மீட்டர் கணக்கு. பழைய தாளில் ஒரு கரைக்குப் பத்து என்றும் புதிய தாளில் அதே கரைக்கு மூன்று என்றும் போட்டிருந்தால் கரை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது என்றுதான் பொருள். இதை அறியாதவர் மூன்றில் இரண்டு பங்கு கரையை யாரோ வெட்டி விற்றுவிட்டார்கள் என்று நினைக்க முழு நியாயமும் உண்டு. குறியீட்டு விளக்கத்தை ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாகத் தமிழில் தர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மக்கள் வாழும் ஊருக்கு ஒரு குறி, மக்கள் விட்டுப்போன ஊருக்கு வேறு குறி. கல் கட்டிய கிணற்றுக்கு ஒன்று, கட்டாத கிணற்றுக்கு ஒன்று. தோல் தொழில் வளர்ந்து நிலத்தடி நீர் கெட்டது பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பு வழங்கிய பகுதியாயிற்றே இது. அந்தத் தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் கிணறுகள் எங்கெங்கே இருந்தன என்று தேடுபவருக்கு அந்தச் சின்ன வட்டங்கள் எவ்வளவு பெரிய ஆதாரம்!

பாலாற்றைத் தாள்கள் எப்படிக் காட்டுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். நீரில்லாத ஓடைக்குக் கறுப்புக் கோடு, நீருள்ளதற்கு நீலக் கோடு, ஆற்று மணலுக்குப் புள்ளிகள் என்பது மரபு. நீர் வற்றாத ஏரிக்கு நீலம் நிரப்புவார்கள். வற்றும் ஏரியை வெறும் கோட்டளவில் விடுவார்கள். களப்பணி பொதுவாக மழை ஓய்ந்த மாதங்களில்தான் நடக்கும். ஆகையால் பழைய தாளில் பாலாறு மணற்காடாக இருப்பதைப் பார்த்து "அப்போதே ஆறு செத்துவிட்டது" என்று சொல்வதும், ஓர் ஏரியில் நீலம் இல்லாததைப் பார்த்து "இது ஏரியே இல்லை, மேய்ச்சல் நிலம்" என்று சாதிப்பதும் ஒரே வகைப் பிழை. இரண்டாவதைச் சொல்பவருக்கு ஆதாயம் இருக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு. இன்னொன்று: 1903 நவம்பரில் மைசூர்ப் பகுதி ஏரிகள் உடைந்து பாலாற்றில் வந்த வெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடியது. 1905-க்குப் பின் அளந்த ஓரங்குலத் தாள்களெல்லாம் அந்த வெள்ளத்துக்குப் பிந்திய கரைகளையே காட்டுகின்றன. வெள்ளத்துக்கு முந்திய நிலைக்கு நாலு மைல் அட்லஸையும் கிராம வரைபடங்களையும்தான் நாட வேண்டும். வாலாஜாபேட்டை அருகே 1850-களில் கட்டிய பாலாற்று அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி ஏரிகளுக்குப் பிரியும் கால்வாய்களையும் இப்படி அடுக்கடுக்காக வைத்துப் பார்த்தால், எந்தக் கால்வாய் எங்கே தூர்ந்தது, எங்கே திசை மாறியது என்பது பொதுப்பணித் துறைப் பொறியாளர்களுக்கும் பயன்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஓரங்குலத் தாளின் அளவு 1:63,360. தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 63 மீட்டர். கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு ஒன்று நிலத்தில் பதினைந்து மீட்டருக்கு மேல் அகலமாகும். இந்தக் கோட்டை வைத்து ஒருவருடைய வீட்டுச் சுவர் புறம்போக்கில் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது. அதற்கு ஒரு மைலுக்குப் பதினாறு அங்குலம் என்ற அளவில் வரையப்பட்ட கிராம வரைபடமும், ஒவ்வொரு புலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படமும், புலம் வாரியாக நிலத்தின் வகையைக் குறிக்கும் 'அ' பதிவேடும் இருக்கின்றன. சென்னை மாகாணத்தில் 1858-இல் தொடங்கிய வருவாய் நில அளவையின் பயன் அவை. டோப்போ ஷீட் சொல்லக்கூடியது வேறு: இங்கே ஒரு நீர்வழி இருந்தது, அது இன்ன ஏரியிலிருந்து இன்ன ஏரிக்குப் போயிற்று, ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருந்தன என்பதை அது போலத் தெளிவாக வேறு எந்த ஆவணமும் சொல்லாது. கிராம வரைபடம் கிராம எல்லையில் நின்றுவிடும், தண்ணீர் நிற்பதில்லை.

நீதிமன்றத்தை நினைத்தால் குறிப்புகளின் தேவை இன்னும் கூடுகிறது. 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 83-ஆம் பிரிவு, அரசின் அதிகாரத்தின்கீழ் தயாரிக்கப்பட்ட வரைபடம் சரியானது என்று அனுமானிக்கச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் வந்திருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியமும் அந்த அனுமானத்தைக் கைவிடவில்லை. சட்டம் இவ்வளவு நம்பிக்கை வைக்கும் ஓர் ஆவணத்தை எந்த எல்லை வரை நம்பலாம் என்று சொல்லும் பொறுப்பு பதிப்பாசிரியருக்கு உண்டு.

ஜமீன், ஜாகீர் கிராமங்களுக்கு டோப்போ ஷீட் தனி மதிப்புடையது. உழவரிடம் அரசே நேராக வரி வாங்கிய ரயத்துவாரி கிராமங்களைத்தான் வருவாய் அளவை புலம் புலமாக அளந்தது. ஆரணி ஜாகீர், கங்குந்தி ஜமீன் போன்றவற்றில் அந்த விரிவான அளவை பெரும்பாலும் 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே நுழைந்தது. ஆகவே ஆரணிப் பக்கத்து ஊர் ஒன்றின் ஏரியும் ஓடையும் அதற்கு முன் எப்படி இருந்தன என்று அறிய, பல இடங்களில் நிலத்தோற்ற வரைபடத்தை விட்டால் வேறு வரைபடம் கிடைப்பது அரிது.

இதையெல்லாம் யார் செய்வது என்ற கேள்விக்கு விடை எளிதாக இல்லாததற்கு ஒரு காரணம், நம் மாவட்டமே பலமுறை வெட்டி ஒட்டப்பட்டது. 1801-இல் கம்பெனி ஆட்சிக்கு வந்த வட ஆற்காட்டுக்குச் சித்தூர்தான் தலைநகராக இருந்தது. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது வேலூர் தலைநகராயிற்று. சேலத்திலிருந்து திருப்பத்தூரும் தென் ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலையும் வந்து சேர்ந்தன. 1960-இல் எல்லைத் திருத்தம், 1989-இல் இரண்டாகப் பிரிவு, 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிவு. டோப்போ ஷீட்டோ பாகையையும் நிமிடத்தையும் பார்த்து வெட்டப்பட்டது. அதற்கு மாவட்டம் தெரியாது. ஒரு தாளில் இரண்டு மாநிலம், மூன்று மாவட்டம் வரும்போது, "எங்கள் மாவட்ட வரலாறு" என்று வெளியிட ஒவ்வோர் அலுவலகமும் தயங்குவது இயல்பு. எனவே பதிப்பின் எல்லையை இன்றைய மாவட்டங்களைக் கொண்டு தீர்மானிக்கக் கூடாது. பாலாற்றைக் கொண்டு தீர்மானிக்கலாம் என்பது என் யோசனை. வாணியம்பாடி முதல் காவேரிப்பாக்கம் வரை ஆற்றின் போக்கில் நான் மேலே சொன்ன ஐந்து தாள்களும் ஒரு முதல் தொகுதிக்குப் போதும். அந்த ஐந்துக்கும் கிடைக்கும் எல்லா அச்சுகளையும், அவற்றுக்கு முந்திய அட்லஸ் தாள்களின் உரிய பகுதிகளையும் சேர்த்தாலே ஒரு கனமான தொகுதி ஆகிவிடும்.

அனுமதி கிடைக்காது என்று கைவிரிப்பவர்களுக்கு ஒரு சொல். அரசு வெளியீட்டின் பதிப்புரிமை 60 ஆண்டுகள்தான். 1960-க்கு முன் அச்சான தாள்களுக்கு அது முடிந்துவிட்டது. பாதுகாப்புக் காரணத்துக்கான கட்டுப்பாடு வேறு. அதுவும் தளர்ந்து வருகிறது. 2005-ஆம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்பு வரிசை, திறந்த வரிசை என்று இரண்டாகப் பிரித்தது. 2017-இல் 'நக்ஷே' இணையதளம் வழியாகத் திறந்த வரிசைத் தாள்கள் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கின. 2021 பிப்ரவரி 15 அன்று வெளியான வழிகாட்டு நெறிகள் இந்திய நிறுவனங்கள் புவித்தரவுகளைச் சேகரிக்கவும் வெளியிடவும் இருந்த முன் அனுமதித் தேவையைப் பெரிதும் நீக்கின. நாட்டின் வெளி எல்லை எதுவும் நம் ஐந்து தாள்களில் வருவதுமில்லை. புதிய தாளே இலவசம் என்ற காலத்தில், நூறாண்டுத் தாளைக் கட்டுக்கட்டாக அலமாரியில் பூட்டி வைப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

முன்மாதிரிகளும் இருக்கின்றன. பிரிட்டனில் ஆர்டினன்ஸ் சர்வேயின் ஓரங்குல முதல் வரிசைத் தாள்களை 1975 முதல் 1992 வரை எட்டுத் தொகுதிகளாக, ஒவ்வொன்றுக்கும் அறிஞர்களின் முன்னுரையோடு மறுபதிப்புச் செய்தார்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பழைய தாள்களை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்தி, ஒவ்வொரு தாளுக்கும் அளந்த ஆண்டு, திருத்திய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு என்று தனித்தனியே குறித்து, யாரும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. நம் அருகில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தென்னிந்திய வரலாற்று நிலப்படத் தொகுதி ஒன்றை இணையத்தில் உருவாக்கியிருக்கிறது. ஆகவே வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை.

சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கிறது. வேலூரில் ஊரிசுக் கல்லூரியும் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியும் இருக்கின்றன. கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. இவற்றுள் ஏதேனும் ஒன்று பொறுப்பேற்று, ஆவணக்காப்பகத்தோடும் இந்திய நில அளவைத் துறையின் சென்னை அலுவலகத்தோடும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டால் வேலை தொடங்கிவிடும். பல்கலைக்கழகம் என்றதும் ஆங்கிலத்தில் ஒரு தடித்த நூல் வந்துவிடுமோ என்ற அச்சமும் எனக்கு உண்டு. முன்னுரையும் குறிப்பும் தமிழில் இருக்க வேண்டும். பாசன சபைத் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழாக இருக்க வேண்டும்.

பெயரடைவு தனி உழைப்பைக் கேட்கும். தாள்களில் ஊர், மலை, ஓடை, ஏரிப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் மட்டுமே உள்ளன. நம் பகுதியிலோ தமிழோடு தெலுங்கும் உருதும் கன்னடமும் பெயர்களில் கலந்திருக்கின்றன. அலுவலக அறையில் உட்கார்ந்து அகராதியைப் பார்த்து இவற்றைத் திருப்பி எழுதக் கூடாது. அந்தக் காலத்தில் அளவைக்காரருக்குப் பெயர் சொன்னவர்கள் கர்ணமும் மணியக்காரரும் தலையாரியும்தான். 1980-இல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி ஒழிந்தபின் அந்த அறிவு முறையாக யாருக்கும் கைமாற்றப்படவில்லை. இன்னும் ஊருக்கு ஓரிருவர், குறிப்பாக ஏரி நீரை வயல்களுக்குத் திறந்துவிடும் நீர்க்கட்டி வேலை பார்த்த குடும்பங்களில், ஒவ்வொரு மதகுக்கும் கலங்கலுக்கும் பெயர் சொல்லக் கூடியவர்கள் இருக்கிறார்கள். வரலாறு, புவியியல் படிக்கும் மாணவர்களைத் தாளின் நகலோடு அவர்களிடம் அனுப்பினால் ஒரு கோடை விடுமுறையில் ஒரு தாளுக்கான பெயர்களைத் திரட்டிவிடலாம். பதிப்பின் மற்ற வேலைகள் பத்தாண்டு தள்ளிப்போனாலும் கேடில்லை. இது ஒன்று தள்ளிப்போனால் பிறகு கேட்க ஆள் இருக்க மாட்டார்கள்.

அச்சைப் பொறுத்தவரை இரண்டு நிபந்தனைகளைச் சொல்லி முடிக்கிறேன். தாளைப் புத்தகப் பக்க அளவுக்குச் சுருக்கக் கூடாது. முழு அளவில் தனித்தாளாக அச்சிட்டு, உறையில் போட்டு, குறிப்பு நூலோடு தர வேண்டும். ஈரத்திலும் வெயிலிலும் காகிதம் நீண்டும் சுருங்கியும் இருக்கும் என்பதால், தாளில் உள்ள அளவுகோலை விட்டுவிடாமல் அதோடு சேர்த்தே நகலெடுக்க வேண்டும். விளிம்பைத் தொடக் கூடாது என்பதை மறுபடி சொல்லத் தேவையில்லை. இணையத்தில் வைக்கும் படிவம் பொருத்திப் பார்ப்பதற்கு உரிய கணக்குகளோடு இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

இறுதியாக, வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓய்வுபெற்ற வனத்துறை, பொதுப்பணித்துறை, நில அளவைத்துறைக் குடும்பங்களில் பழைய தாள்கள் பெட்டிகளில் கிடப்பதை நான் அறிவேன். அவற்றை எடைக்குப் போட வேண்டாம். பாதுகாப்பதாக எண்ணி லேமினேட் செய்யவும் வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளைக் கிழிக்காமல் பிரித்தெடுக்க முடியாது. கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாமல், மடிப்பைப் பிரித்துத் தட்டையாக, இரண்டு அட்டைகளுக்கு நடுவே, பூச்சி அண்டாத இடத்தில் வைத்திருங்கள். பின்புறம் யாராவது பென்சிலில் ஏதேனும் எழுதியிருந்தால் அதை அழிக்காதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற நில அளவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.